நல்கையெனும் மூக்கணாங்கயிறு

ஆவையும் எருமையையும் எருதையும் மாடு என்னும் ஒரு சொல்லால் குறித்து, அச்சொல்லாலேயே செல்வத்தையும் குறித்த மொழி தமிழ். தொழுவத்தில் நிற்கும் உயிரே உழவனின் செல்வம் என்பதைச் சொல்லுக்குள்ளேயே பொதிந்து வைத்த அம்மக்களுக்கு, எந்த மாடு செல்வம், எந்த மாடு செல்வமன்று என வரையறுத்துச் சொல்லத் தில்லியினின்று ஒரு பட்டியல் வரவேண்டிய நிலை இற்றை நாளில் நேர்ந்துள்ளது. அப் பட்டியலுள் அடங்கிய மாட்டுக்குக் கடனுண்டு, கடனில் கழிவுண்டு, காப்பீடும் உண்டு. அடங்காத மாட்டுக்கு அடிமாட்டுச் சந்தை உண்டு. ‘மானியம்’ என்று அலுவலகங்களில் வழங்கப்பெறும் அரசு நல்கையின் உட்பொருள் இதுவே.

2010-ஆம் ஆண்டில் நடுவணரசு பால்பண்ணைத் தொழில்முனைவோர்க்கென்று ஒரு நல்கைத் திட்டத்தை நபார்டு வங்கியின் வழியாகத் தொடங்கிற்று. இரண்டு முதல் பத்து மாடுகள் வரை வாங்கிச் சிறு பண்ணை அமைப்பார்க்கு முதலீட்டில் 25 விழுக்காடும், பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் மூன்றில் ஒரு பங்கும் நல்கையாகும் என்று அறிவிக்கப்பட்டது. கேட்பதற்கு இனிய செய்திதான். ஆனால், எந்த மாட்டை வாங்கினால் அந்நல்கை கிடைக்கும் என்று அத்திட்டத்தின் நெறிமுறைகளைப் புரட்டிப் பார்த்த தமிழனுக்கு என்ன கிடைத்தது? கலப்பினக் கறவைகள் என்று ஒரு வகை. தரமேற்றிய எருமைகள் என்று ஒரு வகை. இவற்றிடையே, உள்நாட்டுக் கறவையினங்கள் எனச் சாகிவால், செஞ்சிந்தி, கிர், இராத்தி முதலியன என்று ஒரு வகை. சாகிவால் பஞ்சாபின் மாடு. செஞ்சிந்தி, பெயரே சொல்லுமாறு, சிந்து நாட்டு மாடு. கிர் குசராத்தின் மாடு. இராத்தி இராசசுத்தானத்தின் மாடு. காங்கேயம் இல்லை, பர்கூர் இல்லை, உம்பளச்சேரி இல்லை, புலிக்குளம் இல்லை, ஆலம்பாடியும் இல்லை. தமிழ்நாட்டின் ஐந்து பெரும் மாட்டினங்களும் அந்த ‘முதலியன’ என்னும் ஒற்றைச் சொல்லின் நிழலில் ஒடுங்கிக் கிடக்க வேண்டியவை போலும்!

இதற்கு அலுவலர்கள் ஆயத்தமாக ஒரு விடை வைத்திருப்பர். தமிழ்நாட்டு இனங்கள் உழவினங்கள். அவை கறவையினங்கள் அல்ல என்பர். ஏட்டில் எழுதிய வகைப்பாட்டின்படி அவ்விடை சரியே. காங்கேயம் ஆ ஒருவேளையில் கறப்பதைப்போல் பன்மடங்கு பாலைச் சீமைக்கலப்பு மாடு கறக்கும் என்பதை மறுப்பதற்கில்லை. மறுத்துப் பேசுவோர் மாட்டைக் கட்டி வளர்க்காதவர். ஆனால் அந்த வகைப்பாட்டின் விளைவைத் தொடர்ந்து எண்ணிப் பார்த்தல் வேண்டும். உழவினம் என்று முத்திரை குத்தப்பட்டதால் பால் நல்கை அதற்கு இல்லை. சரி, உழவுக்கேனும் அதற்கு நல்கை உண்டா? அதுவும் இல்லை. உழவு நல்கை முழுமையும் இழுவையுந்துக்கும் சிற்றுழுவைக்குமே போயிற்று. ஒரு கையால் உந்துக்குக் கழிவு கொடுத்து எருதின் நுகத்தைப் பறித்த அரசு, மறுகையால் சீமைக்கலப்புக் கறவைக்குக் கழிவு கொடுத்து அந்த எருதைப் பெற்ற தாயின் தொழுவத்தையும் பறித்தது. இரண்டு நல்கைகளும் இரண்டு துறைகளின் இரண்டு ஏடுகளில் வளர்ச்சி என்றே எழுதப்பட்டன. அவை இரண்டும் சேர்ந்து என்ன செய்தன என்பதை எழுதுதற்கு எந்தத் துறையிலும் ஏடு இல்லை.

அந்தப் பால் நல்கையேனும் உழவனின் கையில் வந்து சேர்ந்ததா? அதன் நடைமுறையை அறிந்தார் அறிவர். நல்கைத் தொகை வங்கியில் தனியே ஒதுக்கி வைக்கப்பட்டது. மாடு வாங்குபவன் முழுத் தொகைக்கும் கடன் பெற்று, தன் பங்கையும் இட்டு, தவணை தவறாமல் கட்டிக்கொண்டு வரவேண்டும். கடைசித் தவணைகளுக்கே அந்நல்கை ஈடாகும். மாடு வந்து இறங்கிய நாளில் தீனிக்குத் தொகை வேண்டும். கொட்டகைக்குத் தொகை வேண்டும். முதல் ஈற்றில் மடிவீக்கம் கண்டால் மருத்துக்குத் தொகை வேண்டும். அந்த நாளில் நல்கை இல்லை. எல்லா இடரையும் அவனே தாங்கி முடித்த பின்னர்க் கணக்கேட்டில் ஒரு வரியாக அது வரும். இத்தகைய நல்கையால் பிழைத்தவன் முன்பே வாழ வகையுள்ளவன். நிலமற்ற பெண்ணொருத்திக்கு அது கானல்நீர்.

அத்திட்டமும் 2020-21-இல் நிறுத்தப்பட்டது. அதே 2020-இல், கால்நடை வளர்ப்புக் கட்டமைப்பு மேம்பாட்டுக்கென்று 15,000 கோடி உருபா ஒதுக்கீட்டை நடுவணரசு அறிவித்தது. பால் பதப்படுத்தும் ஆலைகளும் தீவன ஆலைகளும் அமைப்பார்க்கு வங்கிக் கடனின் வட்டியில் 3 விழுக்காட்டை அரசே ஏற்கும். தொடக்கத்தில் அதைப் பெறத் தகுதியுள்ளோர் பட்டியலில் தனியார் நிறுமங்களும் தொழில்முனைவோரும் உழவர் நிறுமங்களும் இருந்தனர். கூட்டுறவுகள் 2024-இல்தான் சேர்க்கப்பட்டன. இரண்டு மாட்டுக்காரனுக்கு இருந்த அரைகுறைக் கழிவு அகன்றது; ஆலைக்காரனுக்கு வட்டிக் கழிவு வந்தது. பால் கறப்பவரை விட்டுப் பாலைப் பையில் அடைப்பவரை நோக்கி அரசின் பார்வை திரும்பியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

இந்தப் பார்வையின் வேர் 1970-இல் உள்ளது. வெண்புரட்சி என்று புகழப்பெறும் பால்பெருக்குத் திட்டம் அவ்வாண்டில் தொடங்கிற்று. ஐரோப்பியப் பொதுச் சந்தை நாடுகளில் மிஞ்சிக் குவிந்த கொழுப்பு நீக்கிய பால்மாவு 1,26,000 டன்னும், வெண்ணெய் நெய் 42,000 டன்னும் உலக உணவுத் திட்டத்தின் வழியே அதன் முதற்கட்டத்துக்குக் கொடையாக ஒதுக்கப்பட்டன. அவற்றை நீரிற் கலந்து பாலாக்கித் தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களில் விற்று, வந்த தொகையால் ஆலைகளும் கூட்டுறவுகளும் அமைக்கப்பட்டன. அந்தக் கூட்டுறவுகளால் சிற்றூர்ப் பெண்களின் கையில் பத்து நாட்களுக்கொரு முறை காசு புழங்கிற்று என்பது உண்மை. அதை மறைத்துப் பேசுதல் முறையன்று. ஆனால் ஐரோப்பாவில் அந்த மாவு ஏன் குவிந்தது என்பதை எவரும் தமிழ் உழவனுக்கு எடுத்துச் சொல்லவில்லை. அங்குள்ள அரசுகள் தம் உழவரின் பாலுக்கு அடிப்படை விலை ஒன்றை உறுதி செய்து, விற்காமல் எஞ்சிய வெண்ணெயையும் மாவையும் தாமே வாங்கி அடுக்கி வைத்தன. அவர்கள் நல்கை வழங்கியது பாலின் விலைக்கு. அவர்களின் மிச்சத்தைப் பெற்றுக்கொண்டவர்கள் இங்கு நல்கை வழங்கியது மாட்டுக் கடனுக்கு. மாவை ஏற்றுக்கொண்டவர்கள் அந்த முறையை மட்டும் ஏற்க மறந்தனர்!

மாவோடு மாட்டின் விந்தும் வந்தது. ஆங்கிலக் கால்வாயில் கிடக்கும் செர்சி என்னும் சிறு தீவின் மாடு, ஆண்டு முழுமையும் பசும்புல்லும் குளிர்காற்றும் உள்ள நிலத்துக்கு ஏற்றது. அதன் குருதி சமவெளிக்கென்றும், ஓல்சுடீன் பிரீசியன் மாட்டின் குருதி மலைப்பகுதிக்கென்றும் பகுத்து, ஊர்தோறும் சினை ஊசி போடப்பட்டது. கோயிற் பொலிகாளை நின்ற இடத்தில் உறைகுளிர்க் குடுவை வந்தது. சித்திரை வெயிலில் மூச்சிரைக்கும் அம்மாட்டுக்கு விசிறியும் நீர்த்தெளிப்பும் தேவை. புண்ணாக்கும் தவிடும் கலப்புத் தீவனமும் கடையினின்றே வரவேண்டும். அது ஈன்ற காளைக்கன்று வெயிலில் ஏர் இழுக்காது; எனவே பிறந்த சில நாட்களிலேயே அதற்கு விலை பேசப்படும். பால் கூடிற்று, பாலைவிடச் செலவு விரைந்து கூடிற்று.

தில்லியை மட்டும் குறைசொல்லித் தமிழ்நாட்டு ஆட்சியாளரை விட்டுவிடுவது நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-இல், அண்ணா பிறந்த நாளில், விலையில்லாக் கறவை மாடுகள் வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஆண்டுக்கு 12,000 மாடுகள், ஐந்தாண்டில் 60,000. ஏழைப் பெண்களின் பெயரில் மாடு வழங்கியது போற்றத்தக்கது. ஆனால் வழங்கியவை எவை? கலப்பினக் கறவைகள். வாங்கியவை எங்கே? வெளிமாநிலச் சந்தைகளில். தமிழ்நாட்டரசின் தொகை, தமிழ்ப் பெண்ணின் பெயர், மாடு மட்டும் அயலது! ஒரு காணி நிலமும் இல்லாத பெண்ணின் குடிசைமுன் நாளொன்றுக்குக் கட்டுக்கட்டாய்ப் பசுந்தீவனம் தின்னும் மாட்டைக் கொண்டுவந்து கட்டினால், அவள் புல்லுக்கு எங்கே போவாள்? மேய்ச்சற் புறம்போக்கை முன்பே மனைகளாகவும் அலுவலகக் கட்டடங்களாகவும் ஆக்கிவிட்ட அரசு, மாட்டை மட்டும் கொடுத்தது. (அதே நாளில் தொடங்கிய ஆட்டுத் திட்டம் இதைவிட அறிவுடையது. ஆட்டுக்கு வேலியோரத் தழையேனும் உண்டு.)

புல்லைப் பற்றித் தமிழர் அறியாதவரல்லர். காங்கேயம், தாராபுரம், வெள்ளகோவில் பக்கத்து மேட்டுநிலங்களில் கொறங்காடு என்றொரு முறை உண்டு. மழை குறைந்த மண்ணில் கிளுவையை நட்டு உயிர்வேலி அமைத்து, உள்ளே கொழுக்கட்டைப் புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல மரங்களை விட்டு வைப்பர். புல் மாட்டுக்கு, வெள்வேலின் நெற்று ஆட்டுக்கும் மாட்டுக்கும், நிழல் எல்லாவற்றுக்கும். படலைத் திறந்து மாட்டை உள்ளே விட்டால் மேய்ப்பவனும் வேண்டுவதில்லை. ஒரு காட்டில் புல் தீர்ந்தால் அடுத்த காட்டுக்கு மாற்றுவர். தீர்ந்த காடு அடுத்த மழையில் தழைக்கும். செந்நிறமாய்ப் பிறந்து ஆறு திங்களில் சாம்பல் நிறங்கொள்ளும் காங்கேயம் கன்று இந்தப் புல்லில்தான் திமில் திரண்டு வளர்கிறது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் இவ்வினத்தைப் பேணித் திருத்திய வரலாறு கால்நடை அறிவியல் நூல்களிலேயே பதிவாகியுள்ளது. கல்லூரி இல்லாத காலத்தில் உழவன் கண்ட அறிவியல் இது. ஆனால் கிளுவை வேலியைக் கட்டிக் காப்பவனுக்குக் கறவைத் திட்டம் எதிலும் ஒரு காசு நல்கை இல்லை. அதே நிலத்தில் சிமிட்டித் தளமிட்டுத் தகரம் வேய்ந்து பத்துச் சீமைமாடுகளைக் கட்டுவேன் என்று எழுதிக் கொடுத்தால் கடன் கிடைத்தது. புல் வளர்ந்த காடு மனைப்பிரிவாகும்போது தடுப்பாரும் இல்லை.

அந்தியூரை அடுத்த பர்கூர் மலையில் நிலைமை இன்னும் கொடிது. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் படர்ந்த அந்தச் செம்மறை மாடு வீட்டுத் தொழுவில் வளர்வதன்று. காட்டுக்குள் பட்டி அமைத்து, திங்கட்கணக்கில் அங்கேயே மேயவிட்டு வளர்க்கப்படுவது. 2022 மார்ச்சில் சென்னை உயர்நெறிமன்றம் தமிழ்நாட்டுக் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலைத் தடுத்து ஆணையிட்டது. பின்னர் அத்தடை புலிக்காப்பகம், காட்டுயிர்ப் புகலிடம், நாட்டுப்பூங்கா ஆகியவற்றுக்கென்று சுருக்கப்பட்டது. ஈராண்டு செல்லுமுன், 2024 சனவரியில், அந்தியூர்ப் பகுதிக் காடுகளைத் தந்தை பெரியார் காட்டுயிர்ப் புகலிடம் என்று தமிழ்நாட்டரசு அறிவித்தது. மேய்ச்சல் உரிமை பறிபோகும் என்று மலைமக்கள் எதிர்ப்புக் காட்டினர். காட்டுயிரைக் காக்க வேண்டுவதுதான். ஆனால் அதே அரசின் கால்நடைப் பல்கலைக்கழகம் அதே மலையில் பர்கூர் மாட்டைக் காப்பதற்கென்று ஆய்வு நிலையம் ஒன்றை நடத்துகிறது! பட்டியில் மேய்ந்து வளர்ந்த இனத்தைப் பட்டியினின்று விலக்கி, ஆய்வு நிலையத்தின் கம்பி வேலிக்குள் சிலவற்றை நிறுத்திக் காத்துவிட்டதாகச் சொல்வது, பேசும் மக்களை அகற்றிவிட்டு அகரமுதலியில் மொழியைக் காப்பது போன்றது.

எருமையின் கதையைச் சொல்ல வேண்டுமானால் எண்களே போதும். 2007-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 20 இலக்கம் எருமைகள் இருந்தன. 2012-இல் அவை 7.8 இலக்கம். 2019-இல் 5.2 இலக்கம். பன்னிரண்டே ஆண்டுகளில் நான்கில் மூன்று பங்கு மறைந்தது. கழகத் தமிழ்ப் பாட்டுகளில் மருத நிலத்து நீரில் திளைத்த அவ்வுயிருக்குக் குட்டையும் இல்லை. குட்டை இருந்தால் நீரும் இல்லை. கொழுப்பு மிக்க பாலைத் தருவது அது. வைக்கோலையும் சோளத்தட்டையும் தின்று வாழ்வது அது. எனினும் அதன் மறைவுக்காகச் சட்டமன்றத்தில் ஒருநாள் ஒத்திவைப்பு நடந்ததாகச் செய்தியில்லை.

இனிப் பாலின் விலைக்கு வருவோம் என்றால், அங்குதான் உண்மை நிற்கிறது. 2019 ஆகத்தில் ஆவின் கொள்முதல் விலை ஆவின் பாலுக்கு இலிட்டருக்கு 32 உருபா, எருமைப் பாலுக்கு 41 உருபா என்று ஆயிற்று. 2021 மே திங்களில் புதிய அரசு அமைந்ததும் நகரத்தில் விற்கும் பாலின் விலை இலிட்டருக்கு 3 உருபா குறைக்கப்பட்டது. குடிப்பவர் மகிழ்ந்தனர். கறப்பவர்க்கு அன்று ஒரு காசும் கூடவில்லை. 2022 நவம்பரில்தான் 35 உருபாவும் 44 உருபாவும் ஆயின. இடைப்பட்ட மூன்றாண்டுகளில் புண்ணாக்கு விலை காத்திருந்ததா? 2023 மார்ச்சில் உழவர்கள் 42 உருபாவும் 51 உருபாவும் கேட்டுப் பாலை நிறுத்திப் போராடினர். அவ்வாண்டு திசம்பர் 18 முதல் இலிட்டருக்கு 3 உருபா ஊக்கத்தொகை வழங்கப்பட்டு 38 ஆகவும் 47 ஆகவும் உயர்ந்தது. உழவர் கேட்டதில் பாதியினும் குறைவு அது. ஆயினும் இதுகாறும் வந்த நல்கைகளுள் அறிவோடு வடிவமைக்கப்பட்டது இவ்வொன்றே. கறந்த இலிட்டருக்கு, கறந்தவர்க்கே, எந்த மாடு என்று கேளாமல் கொடுக்கப்பட்டது. அதனினும் ஒரு படி மேலே சென்று, நாட்டு ஆவின் பாலுக்கும் எருமைப் பாலுக்கும் கூடுதலாகக் கொடுத்திருப்பின் ஓர் இனமேனும் உயிர் பிழைத்திருக்கும்.

விலையில் கஞ்சத்தனம் காட்டியதன் விளைவு 2023-இலேயே வந்தது. குசராத்தின் அமுல் நிறுவனம் கிருட்டிணகிரியில் குளிரூட்டும் நிலையம் அமைத்து, தருமபுரி, வேலூர், காஞ்சிபுரம், திருவள்ளூர் முதலான மாவட்டங்களில் பால் திரட்டத் திட்டமிட்டது. ஒரு மாநிலக் கூட்டுறவின் பால்வட்டத்துள் மற்றொன்று நுழைதல் மரபன்று என்று முதலமைச்சர் மு.க. இசுடாலின் மே 25-இல் நடுவண் அமைச்சர் அமித் சாவுக்கு மடல் எழுதினார். எழுதியது சரியே. ஆனால், ஆவின் தரும் விலை கட்டுப்படியாகாத உழவன் குசராத்தின் ஏனத்தில் பாலை ஊற்றினால் அவனைக் குறைசொல்ல எவர்க்கு உரிமை உண்டு? எல்லையில் அயலானைத் தடுப்பது மடலன்று, விலை.

பொருளைப் பறிகொடுத்தவன் பெயரையும் பறிகொடுப்பான் என்பதற்கு அதே ஆண்டு மார்ச்சு சான்று. ‘ஆவின்’ என்பது நல்ல தமிழ்ப்பெயர். அரசு நிறுவனங்களுள் அத்தகு பெயர் பெற்றவை சிலவே. அந்த ஆவின் விற்கும் தயிர்ப் பையில் ‘தகி’ என்னும் இந்திச் சொல்லைப் பொறித்து, தயிர் என்பதை அடைப்புக்குறிக்குள் போடுமாறு நடுவணரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது. தமிழ்நாடு கொதித்தெழுந்ததும் மார்ச்சு 30-இல் அவ்வாணை திருத்தப்பட்டது. வெற்றி என்று இனிப்பு வழங்கியோர் திருத்தத்தைப் படித்தாரில்லை. திருத்திய ஆணையிலும் முன்னால் நிற்பது ஆங்கிலச் சொல். தயிர் அடைப்புக்குறிக்குள்ளேதான் இருந்தது! இந்தி இறங்கிய நாற்காலியில் ஆங்கிலம் அமர்ந்தது. தமிழ் முன்போலவே தொழுவத்தில் கட்டுண்டு கிடந்தது. நாட்டு மாடுகளைக் காக்கவென்று 2014-இல் தொடங்கிய நடுவண் திட்டத்தின் பெயரோ ‘இராட்டிரிய கோகுல் மிசன்’. 2021-26-க்கு அதன் ஒதுக்கீடு 3,400 கோடி உருபா. இதில் தமிழ் உழவன் செலுத்திய வரியும் உண்டு. அதன் பெயரைத்தான் அவனால் பலுக்க முடியாது.

2017 சனவரியில் ஏறுதழுவலுக்காக மெரினாக் கடற்கரையில் திரண்ட இளைஞர்கள் நாட்டுக்காளையைக் காப்போம் என்று முழங்கினர். சட்டம் திருத்தப்பட்டது, வாடிவாசல் திறந்தது. காளை ஆண்டுக்கு ஒருநாள் ஓடுகிறது. அக்காளையை ஈனும் ஆ ஆண்டு முழுமையும் தின்ன வேண்டும். அந்தத் தீனிக்கு வழி செய்யுமாறு கேட்டு எந்தக் கடற்கரையிலும் கூட்டம் கூடவில்லை.

கேட்க வேண்டியவை பல இல்லை. மாட்டின் பெயரைச் சொல்லிக் கடன் தரும் முறை ஒழிதல் வேண்டும். கறந்த பாலின் அளவுக்கே நல்கை வேண்டும். அதுவும் நாட்டு ஆவுக்கும் எருமைக்கும் மிகுதியாக வேண்டும். கொறங்காட்டைப் புல்லாகவே வைத்திருப்பவனுக்கு ஏக்கர்க் கணக்கில் ஆண்டுத்தொகை வேண்டும். பர்கூர்ப் பட்டிக்காரனுக்கு எழுத்தில் மேய்ச்சல் உரிமை வேண்டும். சினை ஊசி போடும் நிலையம் ஒவ்வொன்றிலும் அந்தந்த வட்டாரத்து இனத்தின் வித்து இருத்தல் வேண்டும். காங்கேயத்தில் காங்கேயமும், தலைஞாயிற்றில் உம்பளச்சேரியும் கேட்டவர்க்கு இல்லையென்னாமல் கிடைத்தல் வேண்டும். இவற்றுக்கான தொகை, காலையில் பாலைக் கொண்டுவந்து ஊற்றும் பெண்ணின் கையில், கூட்டுறவுக் கழகத்தின் பாலளக்கும் மேடையிலேயே, அவள் படித்தறியும் தமிழில் எழுதிய சீட்டோடு பத்து நாளுக்கொரு முறை சேர்தல் வேண்டும்.